பிப்ரவரி 29 அன்று எவ்வளவு கடன் இருந்தது?

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதும்தான் என் பிழைப்பு. 2020 கொரோனா ஊரடங்கில் சிறு தொழில்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் யாராவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் ஒரே தெருவில் உள்ள இரண்டு யூனிட்டுகளின் கதையை, கணக்கோடு, முழுசாக எழுதி வைக்கிறேன். இரண்டுக்கும் நான்தான் கணக்கு. இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர், தெரு, வங்கி எதுவும் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டேன். தொகைகளைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன்.

முதல் யூனிட் ஓர் அண்ணனுடையது. 40 மெஷின். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் பவர் டேபிளில் வரிசையாக ஓடும். ஏற்றுமதிக் கம்பெனிகள் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக அனுப்பும், இவர் தைத்துத் திருப்பி அனுப்புவார், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டாவது, அதே தெருக்கோடியில் ஓர் அக்கா நடத்துவது. காஜா, பட்டன், செக்கிங், பேக்கிங். மொத்தம் 12 பேர், பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பெண்கள். இருவரும் கைச்சுத்தமான ஆட்கள். இருவரிடமும் ஜிஎஸ்டி எண் இருந்தது. வேறுபாடு ஒன்றே ஒன்றுதான், அதற்கு வருகிறேன்.

மார்ச் 21

2020-ல் கடைசியாக ஒழுங்காகச் சம்பளம் போட்டது மார்ச் 21, சனிக்கிழமை. இங்கே வாராவாரம் சனிக்கிழமைதான் சம்பளம், ஊரே அன்றைக்குத்தான் கடை கண்ணிக்குப் போகும். மறுநாள் ஞாயிறு மக்கள் ஊரடங்கு. செவ்வாய் இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நாடு முழுக்க அடைத்தாயிற்று. டேபிளில் பாதி தைத்த டி-ஷர்ட்டுகள் அப்படியே கிடந்தன. மே மாதம் போய்ப் பார்த்தபோது ஊசிக்கடியில் துணி மாட்டியபடியே இருந்தது, மேலே தூசி.

வெளிநாட்டு பையர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள், சிலர் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். அது ஏற்றுமதிக் கம்பெனியின் தலைவலி என்றுதான் தோன்றும். ஆனால் அவர்களுக்கு வர வேண்டியது வரவில்லை என்றதும் அவர்கள் முதலில் நிறுத்தியது ஜாப் ஒர்க் பில்லை, அதாவது இப்படிக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர்களின் பில்லைத்தான். அண்ணனுக்கு மூன்று கம்பெனிகளிலிருந்து 11 லட்சம் வர வேண்டியிருந்தது. தைத்து, செக்கிங் முடிந்து, டெலிவரி செலான் கையெழுத்தாகிப் போன வேலைக்கான கூலி அது. இந்த 11 லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் என்ன சொன்னது

மே 12 அன்று 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் விவரம் சொன்னார். அதில் 3 லட்சம் கோடி சிறு தொழில்களுக்கு, புதிதாகப் பிணை கேட்காத கடன். ஜூன் தொடக்கத்திலேயே வங்கிகள் கொடுத்துக்கொண்டிருந்தன, அந்த வேகத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். சாதாரண நாளில் ஒரு சிசி (ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வரும்போது கட்டும் வங்கிக் கடன்) லிமிட்டைக் கூட்ட மூன்று மாதம் நடக்க வேண்டும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ 25 கோடி வரை கடன் நிலுவை இருக்க வேண்டும், ஆண்டு விற்றுமுதல் 100 கோடிக்குள் இருக்க வேண்டும் (ஆகஸ்டில் இது 50 கோடி, 250 கோடி என்று உயர்ந்தது). தவணை பாக்கி அன்றைய தேதிக்கு 60 நாளைத் தாண்டியிருக்கக் கூடாது. நிலுவையில் 20 சதவீதம் புதுக் கடனாகக் கிடைக்கும். நான்கு வருடத்தில் அடைக்க வேண்டும், முதல் 12 மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும். வங்கியில் வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நிதி நிறுவனத்தில் 14. பிராசசிங் கட்டணம் கிடையாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் வாராமல் போனால் முழுத் தொகைக்கும் அரசின் தேசியக் கடன் உத்தரவாத நிறுவனம் பொறுப்பு.

இந்தக் கடைசி வரியை எங்கள் தெருவில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். "அரசாங்கமே நூறு பர்சன்ட் கேரண்டி குடுத்திருக்குதுங்க, அப்ப பின்னால தள்ளுபடி பண்ணிருவாங்கதானுங்க?" என்று என்னிடம் கேட்டவர்களே மூன்று பேர். இல்லை. உத்தரவாதம் வங்கிக்கு. உங்களுக்கு அது முழுக்க முழுக்கக் கடன். கட்டாவிட்டால் சிபிலில், அதாவது வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் வரலாற்றில், விழும், வங்கி வசூலுக்கு வரும், ஏற்கெனவே ஈடு வைத்த சொத்தின் மீது இந்தக் கடனுக்கும் இரண்டாவது உரிமை உண்டு. அண்ணனின் வீட்டுப் பத்திரம் சிசிக்காக வங்கியில் இருந்தது. பத்திரத்தில் இன்னொரு கடன் ஏறுகிறது என்று அவர் மனைவிக்கு நான் இரண்டு முறை விளக்கினேன். அவர் கேட்ட கேள்விகள் வங்கியில் யாரும் கேட்காத கேள்விகள்.

அந்தச் சனிக்கிழமை

பிப்ரவரி 29, 2020 ஒரு சனிக்கிழமை. அந்த மாதத்தின் ஐந்தாவது சனி, அதனால் வங்கி திறந்திருந்தது. அன்று சாயங்காலம் உங்கள் கணக்கில் எவ்வளவு கடன் நின்றதோ அதில்தான் 20 சதவீதம். லிமிட்டில் இல்லை, நிலுவையில்.

சிசி கணக்கு என்பது ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. பார்ட்டி பணம் போட்டால் நிலுவை இறங்கும், சனிக்கிழமை சம்பளத்துக்கு எடுத்தால் ஏறும். அண்ணனுக்கு 30 லட்சம் லிமிட். பிப்ரவரி 27 வியாழன் நிலுவை 26 லட்சம். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனி பழைய பில்லுக்கு 5 லட்சம் போட்டது. சனிக்கிழமை சம்பளத்துக்கு ஒன்றரை லட்சம் எடுத்தார். ஆக அன்று முடிவில் சிசி நிலுவை 22.5 லட்சம். மெஷின் வாங்கிய டேர்ம் லோனில் 9.5 லட்சம். மொத்தம் 32 லட்சம். 20 சதவீதம் என்றால் 6.4 லட்சம்.

அந்த 5 லட்சம் மூன்று நாள் தாமதமாக, திங்கட்கிழமை வந்திருந்தால் நிலுவை 37 லட்சம், கடன் 7.4 லட்சம். ஒழுங்காகப் பணம் வந்து, அதைச் சிசியில் போட்டு வட்டியை மிச்சப்படுத்திய ஒரே காரணத்துக்காக ஒரு லட்சம் குறைந்தது. பாஸ் புக்கை முன்னால் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரடங்கில் அவருக்கு என்ன நஷ்டம், எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஆர்டர் எப்போது திரும்பும் என்று அந்தக் கணக்கு எதையுமே கேட்கவில்லை. கேட்காததால்தான் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடிந்தது என்பதும் உண்மை. ஒவ்வொரு யூனிட்டாகப் போய் நஷ்டத்தை மதிப்பிட்டிருந்தால் தீபாவளிக்கும் பணம் வந்திருக்காது.

வங்கியில் நடந்தது இவ்வளவுதான்: ஜூன் மாதம் மேனேஜரிடமிருந்து போன் வந்தது, உங்களுக்கு இவ்வளவு தகுதி இருக்கிறது, வேண்டுமா வேண்டாமா. வேண்டும் என்றார். நான்கு இடத்தில் கையெழுத்து. ஜூன் கடைசியில் தனிக் கணக்கில் 6.4 லட்சம், வட்டி 8 சதவீதம்.

பணம் எங்கே போனது

ஒரு ரூபாய்கூடப் புது மெஷினுக்கோ வேறு எதற்கோ போகவில்லை. மூன்று மாதக் கட்டட வாடகை பாக்கி 1.35 லட்சம். கரண்ட் பில் 40 ஆயிரம். ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குப் போக முடியாமல் யூனிட்டிலேயே தங்கியிருந்த ஒடிசா, பீகார் பையன்களுக்கு அரிசி பருப்புக்கும் கைச்செலவுக்கும் கைமாற்று வாங்கிக் கொடுத்திருந்தார், அதைத் திருப்பியது 1.2 லட்சம். அப்புறம் சிறப்பு ரயிலில் ஊருக்குப் போன அதே பையன்களைத் திரும்ப அழைத்துவர பஸ்ஸுக்கும் அட்வான்ஸுக்கும் 1.1 லட்சம். மிச்சம் 2.35 லட்சம் பாதி ஆட்களோடு மறுபடி ஓட்ட ஆரம்பித்த வாரங்களின் சனிக்கிழமைச் சம்பளம்.

ஆகஸ்டுக்குள் பணம் தீர்ந்துவிட்டது. ஆனால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் இந்தத் திட்டத்துக்கு நான் கொடுக்கும் பெரிய மரியாதை. இந்தக் கடன் இல்லாவிட்டால் அவர் போயிருக்கக்கூடிய ஒரே இடம் மூன்று ரூபாய் வட்டிக்காரர். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் 6.4 லட்சத்துக்கு வட்டி மட்டும் மாதம் 19,200. வங்கியில் அவர் முதல் வருடம் கட்டியது மாதம் 4,267. வித்தியாசம் ஒரு டெய்லர் குடும்பத்தின் மாதச் செலவுக்குச் சமம். அந்த வருடம் மூன்று ரூபாய் வட்டிக்குப் போன இரண்டு யூனிட்டுகளை எனக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் இப்போது வேறு போர்டு தொங்குகிறது.

பழைய கடன்களின் தவணைக்கு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்திருந்தது, அதையும் எடுத்துக்கொண்டார். அந்த ஆறு மாத வட்டிக்கு வட்டியை அரசு நவம்பரில் திருப்பிக் கொடுத்தது, அவர் கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் வந்தது.

அசல் தொடங்கிய மாதம்

12 மாத அவகாசம் முடிந்து அசல் தொடங்க வேண்டியது 2021 ஜூலை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் அலை, மே 10 முதல் மறுபடி முழு ஊரடங்கு. ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கொடுத்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களுக்குத் தளர்வு குறைவு. ஜூலை முதல் தவணை அசல் 17,778, வட்டி 4,267, சேர்த்து 22,045. மூன்று வாரம்கூட முழுசாக ஓடாத யூனிட்டிலிருந்து.

நெருக்கடி ஒரு வருடத்தில் முடியும் என்று நம்பித்தான் 12 மாத அவகாசம் வைத்தார்கள். அந்தச் சிக்கல் அரசுக்கும் தெரிந்தது. மே 30 அன்று திட்டத்தைத் திருத்தினார்கள்: மறுசீரமைப்புக்கு, அதாவது திணறும் கடனின் தவணையை மாற்றியமைக்க, தகுதியுள்ளவர்கள் ஐந்து வருடமாக நீட்டிக்கலாம், முதல் 24 மாதம் வட்டி மட்டும் கட்டலாம், இன்னும் 10 சதவீதம் கூடுதலாகவும் வாங்கலாம். நல்ல திருத்தம்தான். அண்ணன் எடுக்கவில்லை. மறுசீரமைப்பு செய்த கணக்கு என்று சிபில் அறிக்கையில் ஏறினால் அடுத்த வருடம் சிசி புதுப்பிக்கும்போது கேள்வி வரும் என்று பயந்தார், நானும் அப்படித்தான் சொன்னேன். மனைவியின் சங்கிலியை வைத்து நான்கு தவணை கட்டினார். இப்போது திரும்பிப் பார்க்கும்போது நான் சொன்னது சரியா என்று எனக்கே உறுதியாக இல்லை. அந்த 24 மாதம் கிடைத்திருந்தால் 2022-ல் பஞ்சு விலை ஏறியபோது இவ்வளவு திணறியிருக்க மாட்டார். அந்த மே மாதம் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஜாப் ஒர்க்காரர் நூல் வாங்குவதில்லை, ஆனால் நூல் விலை ஏறினால் ஆர்டர் நிற்கும், ஆர்டர் நின்றால் டேபிள் நிற்கும்.

எப்படியோ 2024 ஜூனில் கடைசித் தவணை கட்டிக் கணக்கை முடித்தார். நான்கு வருடத்தில் கட்டிய வட்டி சுமார் 1.3 லட்சம்.

அக்காவுக்கு ஏன் ஒன்றும் இல்லை

முன்னே சொன்ன அந்த ஒரே வேறுபாடு இதுதான்: அக்காவுக்குக் கடன் இல்லை. சீட்டு எடுத்த பணத்தில் ஒவ்வொரு மெஷினாக வாங்கியவர். வங்கியில் நடப்புக் கணக்கு மட்டும் இருந்தது, லோன் என்று ஒரு ரூபாய் கிடையாது. பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்.

ஜூன் மாதம் வங்கிக்கு அவரோடு நானும் போனேன். ஆறடி தள்ளி நிற்க வட்டம் போட்டிருந்தார்கள், அவர் முறை வரும்வரை ஒவ்வொரு வட்டமாக நகர்ந்தார், கையில் மஞ்சள் பையில் மூன்று வருட ஜிஎஸ்டி ரிட்டர்ன் பிரிண்ட் அவுட். கவுண்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பேர்ல லோன் எதுவும் இல்லீங்களேம்மா, இந்தத் திட்டத்துல வராதுங்க." அக்கா வெளியே வந்து என்னிடம் கேட்டது: "கடன் வாங்காம இருந்தது தப்புங்களா தம்பி?" நான் பதில் சொல்லவில்லை. பையை வாங்கி வண்டியில் மாட்டினேன்.

அந்த வருடம் மத்திய அரசிடம் வேறு திட்டங்களும் இருந்தன. தெரு வியாபாரிகளுக்கு 10 ஆயிரம் ரூபாய் கொடுக்கும் ஸ்வநிதி ஜூனில் வந்தது, அவர் தெரு வியாபாரி இல்லை. வாராக்கடனாகிவிட்ட, ஆகப்போகிற யூனிட்டுகளுக்கு 20 ஆயிரம் கோடியில் துணைக் கடன் என்று ஒன்று வந்தது, அதற்கும் முதலில் வங்கிக் கடன் வேண்டும். சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் கேட்கலாம், கேட்டோம், ஊரடங்கு நேரத்தில் புது ஆளுக்குக் கொடுக்க அந்தக் கிளை தயங்கியது.

கடைசியில் நகை. ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வங்கிகளில் நகை மதிப்பில் 90 சதவீதம் வரை கடன் தரலாம் என்று தளர்த்தியது. அதே வாரம் தங்கம் சவரன் 43 ஆயிரத்தைத் தாண்டி உச்சத்தில் நின்றது. 10 சவரனை வைத்து மூன்றரை லட்சம் வாங்கினார். 2021 மார்ச்சில் சவரன் 33, 34 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. நகையின் மதிப்பு கடனுக்குக் கீழே போயிற்று. பணம் கட்டுங்கள் அல்லது இன்னும் நகை வையுங்கள் என்று வங்கியிலிருந்து போன். மகளுக்கு என்று எடுத்து வைத்திருந்த இரண்டு வளையலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அரசு உத்தரவாதக் கடனில் ஆபத்தை அரசு ஏற்றுக்கொண்டது. அக்கா விஷயத்தில் தங்கம் விலை இறங்கும் ஆபத்தையும் சேர்த்து அக்காவே சுமந்தார்.

இது ஒருவர் இருவர் விஷயமில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி 2015-16-ல் நாட்டில் 6.33 கோடி குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள். இந்தத் திட்டம் 2023 மார்ச்சில் முடியும்போது உத்தரவாதம் கிடைத்தவர்கள் சுமார் 1.19 கோடி, தொகை 3.6 லட்சம் கோடிக்கு மேல். 2022 ஜனவரியில் ஸ்டேட் வங்கியின் ஆய்வுப் பிரிவு, சுமார் 13.5 லட்சம் நிறுவனங்கள் இதனால் மூழ்காமல் தப்பின, 1.8 லட்சம் கோடிக் கடன் வாராக்கடனாகாமல் நின்றது என்று மதிப்பிட்டது. நான் அதை நம்புகிறேன், அண்ணன் போன்றவர்களைக் கண்ணால் பார்த்தவன். ஆனால் வங்கி வாசலுக்கே வராத கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த ஆய்வில் இடமில்லை, ஏனென்றால் அவர்கள் பெயரில் கடன் கணக்கு எந்த வங்கியிலும் இல்லை.

அந்த 11 லட்சம்

இப்போது அந்த 11 லட்சத்துக்கு வருவோம். செப்டம்பரில் 4 லட்சம் வந்தது. 2021 ஜனவரிக்குள் இன்னும் 5 லட்சம். மீதி 2 லட்சத்துக்கு டெபிட் நோட், அதாவது பில்லில் பிடித்தம் என்ற சீட்டு, வந்தது: தாமதம், தையல் குறை, பையர் தள்ளுபடி கேட்டார் என்று காரணம் போட்டு.

கணக்கைப் பாருங்கள். அவருக்கு வர வேண்டிய 11 லட்சம் ஏப்ரலில் வந்திருந்தால் 6.4 லட்சம் கடனே தேவையில்லை. வட்டி 1.3 லட்சமும் மிச்சம். பெரிய கம்பெனி சிறிய யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டது, அந்த இடைவெளியை அடைக்க சிறிய யூனிட் கடன் வாங்கி வட்டி கட்டியது, அதற்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2020 மே கடைசியிலிருந்து அந்த விகிதம் 4.25, ஆக 12.75 சதவீதம். புகார் செய்ய கவுன்சில் இருக்கிறது. "புகார் குடுத்தா அடுத்த கட்டு துணி யாரு அனுப்புவாங்க?" என்று அண்ணன் கேட்டார், அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை. 2020 மே தொகுப்பில்கூட அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் பாக்கியை 45 நாளில் கொடுக்கும் என்றுதான் வாக்குறுதி, தனியாருக்கு ஒரு வார்த்தை இல்லை. 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) நடைமுறைக்கு வந்தது. காலத்துக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்த வருடம் அந்தச் செலவை வாங்குகிறவர் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அது வந்த பிறகு மார்ச் மாதங்களில் பழைய பாக்கி கொஞ்சம் அசைவதை நான் பார்க்கிறேன். கடன் திட்டத்தோடு சேர்த்து இதை 2020-லேயே செய்திருக்கலாம்.

அமெரிக்காவில் அதே வருடம் ஊழியர் சம்பளத்துக்குச் செலவழித்தால் திருப்பிக் கட்டவே வேண்டாம் என்று கடன் கொடுத்தார்கள். முதல் 349 பில்லியன் டாலர் இரண்டே வாரத்தில் தீர்ந்து, தேவையில்லாதவர்கள் வாங்கியதாகப் பெரிய சர்ச்சையும் ஆனது. அதை அப்படியே இங்கே கேட்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படை சம்பளப் பட்டியல். பழைய கடன் நிலுவை அல்ல. 12 பேருக்குச் சம்பளம் கொடுக்கும் அக்கா அந்த முறையில் கணக்குக்குள் வந்திருப்பார், யூனிட் ஓடியதற்கு அவர் ஜிஎஸ்டி ரிட்டர்னே சாட்சி.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது மறுபடி ஆர்டர்கள் நின்றன, மறுபடி டேபிள்கள் காலி. நவம்பர் 12 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுமதியாளர்களுக்கு 20 ஆயிரம் கோடி வரை கூடுதல் கடனுக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்று ஒப்புதல் கொடுத்தது. அதே உத்தரவாத நிறுவனம்தான். செய்தி வந்த அன்று இரவே அண்ணன் போன் செய்தார். என்ன திட்டம், யாருக்கு என்று கேட்கவில்லை. முதல் கேள்வியே, "நம்ம சிசியில இன்னைக்கு எவ்வளவு நிக்குதுங்க தம்பி?"

அக்காவிடம் இப்போது சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறது, 2023-ல் வாங்கிய 4 லட்ச ரூபாய் சிசியும் இருக்கிறது. வேலை நன்றாக ஓடி, கையில் பணம் புரளும் மாதங்களிலும் அவர் அதை முழுசாக அடைப்பதில்லை. ஒரு லட்சமாவது நிலுவை வைக்கிறார், மாதாமாதம் அதற்கு வட்டி கட்டுகிறார். அடைத்துவிடலாமே அக்கா என்று போன மாதம்கூடச் சொன்னேன். "இருக்கட்டுங்க தம்பி, கணக்குல பேரு இருக்கட்டும்" என்றார்.